மெச்சா, யபாய், மஜி: ஜப்பானிய இளைஞர்கள் ‘ரொம்ப’ என்பதை எப்படிச் சொல்கிறார்கள்?

அனிமே பார்த்து ஜப்பானியம் பழகுகிறவர்கள் முதலில் பொறுக்கி வைத்துக்கொள்ளும் சொற்களில் மெச்சா, ச்சோ, சுகோய், மஜி, யபாய் ஆகிய ஐந்தும் கட்டாயம் இருக்கும். சப்டைட்டிலில் இவற்றுக்குப் பெரும்பாலும் ‘ரொம்ப’, ‘செம’, ‘நிஜமா’ என்றுதான் ஓடும். அதனாலேயே இரண்டு தப்பான எண்ணங்கள் மனதில் பதிந்துவிடுகின்றன. எல்லாம் ஒரே பொருள்தான், எதை எங்கே போட்டாலும் சரி என்பது ஒன்று. இவை கெட்டுப்போன ஜப்பானியம், நல்ல ஜப்பானியத்தில் ‘தொத்தெமோ’ (மிகவும்) மட்டுமே உண்டு என்பது இன்னொன்று.

இரண்டையும் விட்டுவிடுவது நல்லது. இந்தச் சொற்களுக்குக் கறாரான இலக்கணம் இருக்கிறது. வாக்கியத்தில் எந்த இடத்தில் நிற்கும், எதன் முன்னால் வரும், யாரிடம் பேசும்போது எடுபடும் என்பதெல்லாம் சொல்லுக்குச் சொல் மாறும். அதைப் பிடித்துக்கொண்டால் இவை மனப்பாடப் பட்டியலாகத் தோன்றாது.

ஒரு பண்பின் அளவைக் கூட்டிக் காட்டும் சொல்லை இந்தக் கட்டுரையில் ‘அழுத்தச்சொல்’ என்று அழைப்போம். தமிழில் ‘ரொம்ப’, ‘மிக’ எல்லாம் அந்த வகைதான்.

பயம் எப்படி ‘ரொம்ப’ ஆகிறது

“சாப்பாடு பயங்கரமா நல்லா இருந்துச்சு” என்று நாம் சொல்லும்போது யாரும் எதற்கும் பயப்படவில்லை. பயம் என்ற பொருள் கழன்றுபோய், பயத்துக்கு இருந்த அந்தப் ‘பெரிய அளவு’ மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. ஜப்பானிய அழுத்தச்சொற்களில் பெரும்பாலானவை பிறந்த வழியும் இதுவே.

சுகோய் என்பதன் பழைய வடிவம் ‘சுகொஷி’. பழைய இலக்கியத்தில் அது உடல் சிலிர்க்க வைக்கும் அமானுஷ்யத்தையும் ஆளரவமற்ற வெறுமையையும் குறித்தது. இன்று குழந்தை சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாலும் “சுகோய்!” என்று பாராட்டுகிறார்கள். எகுய் என்பது சரியாகப் பக்குவப்படுத்தாத மூங்கில் குருத்தோ சேம்பு வகைக் கிழங்கோ தொண்டையில் ஏற்படுத்தும் காறலைக் குறித்த சொல். இன்று பேஸ்பால் வீரர் நம்ப முடியாதபடி ஒரு பந்தை வளைத்து வீசினால் இளைஞர்கள் அதை எகுய் என்கிறார்கள். ‘ஒனி’ என்பது கொம்பும் கோரைப்பல்லும் கொண்ட அரக்கன். ‘ஒனி கவாயி’ என்றால் அநியாயத்துக்கு அழகு. ‘குசோ’ என்பது மலம்; ‘குசோ உமாய்’ என்றால் சுவை தாங்க முடியவில்லை என்று பொருள். இந்தக் கடைசிச் சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை பின்னால் வருகிறது.

இந்தத் தேய்மானம் இளைஞர் பேச்சோடு நின்றுவிடவில்லை. செய்தி அறிக்கையிலும் உரைகளிலும் வரும் மரியாதையான அழுத்தச்சொல் ‘ஹிஜோ நி’. ‘ஹிஜோ’ என்றால் வழக்கத்துக்கு மாறானது, அவசர நிலை. ஜப்பானியக் கட்டடங்களில் பச்சை விளக்கில் ஒளிரும் அவசர வழிப் பலகையில் இருப்பது இதே ‘ஹிஜோ’தான். இன்னொரு மரியாதைச் சொல்லான ‘தைஹென்’ என்பதற்கும் பெரிய மாற்றம், பெரும் சம்பவம் என்பதே மூலப்பொருள்.

பாடப்புத்தகத்தின் செல்லப்பிள்ளையான தொத்தெமோவின் கதை இன்னும் சுவையானது. ‘எப்படிப் பார்த்தாலும்’ என்ற பொருளில் தொடங்கிய அது, நெடுங்காலம் எதிர்மறையோடுதான் பெரிதும் வழங்கியது. ‘எப்படியும் முடியாது’ என்கிற மாதிரி. ‘மிகவும் குளிர்’ என்ற நேர்மறைப் பொருளில் தொத்தெமோ டோக்கியோ பேச்சில் புகுந்தது சில வருஷங்களுக்கு முன்புதான் என்று எழுத்தாளர் அகுதகவா ர்யுனொசுகே 1920களில் குறித்து வைத்திருக்கிறார். இன்று ஆசிரியர்கள் திருத்தமானது என்று கற்பிக்கும் சொல், நூறு வருஷத்துக்கு முன் புதுப்பேச்சாக இருந்தது.

இதுவரை பார்த்ததன் சாரம்: பயம், அருவருப்பு, ஆபத்து, அசாதாரணம் போன்ற கனமான பொருளுள்ள சொல் அடிக்கடி புழங்கிப் பொருளை இழக்கிறது, அளவு மட்டும் மிஞ்சுகிறது. எல்லோரும் பயன்படுத்தினால் அந்த அளவும் குறைகிறது. அப்போது கனம் குறையாத வேறொரு சொல்லை இளைஞர்கள் தேடுகிறார்கள்.

எந்தச் சொல் எங்கே நிற்கும்

மெச்சா: ‘மெச்சகுச்சா’ என்றால் தாறுமாறு, அதன் குறுக்கம்தான் இது. ஒசாகாவை மையமாகக் கொண்ட கன்சாய் வட்டாரத்தின் பேச்சு. ஒசாகா நகைச்சுவைக் கலைஞர்கள் தேசியத் தொலைக்காட்சியை நிறைத்த காலத்தில் நாடெங்கும் பரவியது. கற்பவருக்கு மிக வசதியான சொல் இதுவே, ஏனென்றால் ஏறக்குறைய எதன் முன்னாலும் நிற்கும். ‘மெச்சா அத்சுய்’ (ரொம்ப வெயில்), ‘மெச்சா கிரெய்’ (ரொம்ப அழகு), ‘மெச்சா தபெரு’ (நிறையச் சாப்பிடுவான்). “மெச்சா ஹிதோ இரு” என்றும் சொல்வார்கள். ‘ஹிதோ’ மனிதர், ‘இரு’ என்பது உயிருள்ளவை இருப்பதைக் காட்டும் வினை. ‘ரொம்ப மனிதர்’ என்று தமிழில் வராது என்பதால் நமக்கு இது உறுத்தும். அங்கே மெச்சா அழுத்துவது மனிதரை அல்ல, ‘இரு’ என்ற வினையை. ‘கூட்டம் அள்ளுது’ என்பதே பொருள்.

ச்சோ: ‘கடந்த, மீறிய’ என்ற பொருளுள்ள முன்னொட்டு. முன்னொட்டு என்பது சொல்லின் முன்னால் ஒட்டிக்கொள்ளும் துண்டு. ஒலியின் வேகத்தை மீறியது, மிக உயரமான கட்டடம் போன்ற முறையான சொற்களிலும் இது இருக்கிறது. 1980களில் டோக்கியோ இளைஞர் பேச்சில் தனி அழுத்தச்சொல்லாகப் பரவி, 1990களில் மேல்நிலைப்பள்ளி மாணவிகளின் அடையாளமாகவே ஆயிற்று. 1996இல் ‘ச்சோபெரிபா’ என்ற சொல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. ச்சோவோடு ‘வெரி பேட்’ சேர்ந்த சுருக்கம் அது. இன்று அந்தச் சொல்லைச் சொன்னால் பழைய காலத்தை வேண்டுமென்றே நினைவூட்டுவதாகத்தான் தோன்றும். ச்சோ மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மஜி: இதை ‘ரொம்ப’ என்று மனப்பாடம் செய்வதுதான் பெரிய குழப்பத்தின் வேர். மஜிக்குப் பொருள் அளவு அல்ல, உண்மை. ‘மஜிமெ’ (சிரத்தையான, விளையாட்டில்லாத) என்பதோடு உறவுள்ள சொல். 18ஆம் நூற்றாண்டு நூலிலேயே பதிவாகியிருக்கிறது என்பதால் இதை நேற்றுப் பிறந்த சொல் என்றும் ஒதுக்க முடியாது. ‘மஜி தெ உமாய்’ என்பவர் “நான் சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே நன்றாக இருக்கிறது” என்று உறுதி கொடுக்கிறார். அந்த உறுதியிலிருந்துதான் அழுத்தம் பிறக்கிறது. அதனால்தான் “மஜி தெ?” என்று தனியாகக் கேட்டால் “நிஜமாவா?” என்ற கேள்வி ஆகிறது. “மெச்சா?” என்று அப்படித் தனியாகக் கேட்க வழியில்லை.

கச்சி: முதல் எழுத்தை ‘கணபதி’யின் ‘க’ போல ஒலிக்க வேண்டும். சுமோ உலகில், முன்கூட்டிப் பேசி வைக்காமல் மெய்யாகவே மோதும் ஆட்டத்துக்குக் ‘கச்சின்கோ’ என்று பெயர். அதன் குறுக்கம். மஜியைப் போலவே உண்மையின் பக்கம் நிற்கும் சொல். இன்றைய இளைஞர் பேச்சில் மஜியின் இடத்தில் பல நேரம் இதுதான் வருகிறது.

சுகோய்: ஜப்பானியத்தில் ‘இ’யில் முடியும் பண்புச்சொல் ஒன்றை வினைக்கோ வேறு பண்புக்கோ அடையாக்க வேண்டுமானால் கடைசி ‘இ’யைக் ‘கு’வாக மாற்ற வேண்டும். அந்த விதிப்படி ‘சுகோக்கு ஒய்ஷீ’ (மிகவும் சுவை) என்பதே சரி. பேச்சில் ‘சுகோய் ஒய்ஷீ’ என்று மாற்றாமலே சொல்கிறார்கள். ஜப்பானியப் பண்பாட்டு முகமை மொழிவழக்கு பற்றி ஆண்டுதோறும் நடத்தும் கருத்துக்கணிப்பில் 2011இல் இதைக் கேட்டபோது, கிட்டத்தட்டப் பாதிப்பேர் தாங்கள் அப்படிச் சொல்வதாக ஒப்புக்கொண்டார்கள். இளைஞர் பேச்சு என்ற எல்லையை அது எப்போதோ தாண்டிவிட்டது. ஆனாலும் தேர்வுத்தாளில் சுகோக்கு என்றே எழுதுங்கள், மதிப்பெண் போய்விடும்.

சுருக்கமாக: மெச்சாவும் ச்சோவும் அளவைச் சொல்கின்றன, மஜியும் கச்சியும் உண்மையைச் சொல்கின்றன. இரண்டு வகையும் ஒன்றோடொன்று மோதாது. ‘மஜி தெ மெச்சா சமுய்’ (நிஜமாவே ரொம்பக் குளிருது) என்று அடுக்கினாலும் இயல்பாகவே இருக்கும்.

யபாய்: நல்லதா, கெட்டதா?

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் இதுதான். ஆபத்தானது, பிடிபடும் நிலை என்ற பொருளுடைய ‘யபா’ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுத்தில் இருக்கிறது. திருடர்களும் திருவிழா வியாபாரிகளும் தமக்குள் புழங்கிய குழூஉக்குறியாக இருந்து, பொதுப்பேச்சுக்கு வந்தது. 1980களில் இளைஞர்கள் ‘அசிங்கமா இருக்கு’ என்ற பொருளில் சொன்னார்கள். 1990களில் திசை திரும்பி, ‘இதற்கு அடிமையாகிவிடுவேன் போலிருக்கே, அவ்வளவு நல்லா இருக்கு’ என்ற பொருளும் சேர்ந்தது.

மேலே சொன்ன முகமையின் 2014ஆம் ஆண்டுக் கணிப்பில், யபாயை ‘மிக அருமை’ என்ற பொருளில் சொல்வதாகக் கூறியவர்கள் மொத்தத்தில் சுமார் 27 சதவீதம். 16 முதல் 19 வயது வரையிலானோரில் 90 சதவீதத்துக்கும் மேல். ஒரே வீட்டில் பேரன் ரசித்துச் சாப்பிட்டு “யபாய்” என்றால், பாட்டிக்கு உணவு கெட்டுவிட்டதோ என்று தோன்றக்கூடும்.

அப்படியானால் கேட்பவருக்குப் பொருள் எப்படித் தெரிகிறது? யபாய் தன்னளவில் நல்லது கெட்டது எதையும் சொல்வதில்லை. ‘சாதாரண நிலை தாண்டிவிட்டது, என்னால் சமாளிக்க முடியவில்லை’ என்பது மட்டுமே அதில் இருக்கிறது. மிச்சத்தைச் சூழல் சொல்கிறது. ராமென் நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து முதல் வாய் எடுத்ததும் வந்தால் பாராட்டு. கடைசி ரயிலுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது வந்தால் பதற்றம். தேர்வறையை விட்டு வெளியே வந்ததும் வந்தால் பெரும்பாலும் கவலை. வேறு தடயமே இல்லாத இடத்தில் பழைய பொருளான ஆபத்துதான் முதலில் நினைவுக்கு வரும். குறுஞ்செய்தியில் வெறும் ‘யபாய்’ என்று மட்டும் அனுப்பினால் எதிர்முனையில் இருப்பவர் பதறிப்போய் என்ன ஆயிற்று என்று கேட்பது அதனால்தான்.

இலக்கணத்திலும் இது மெச்சாவிலிருந்து வேறு. யபாய் பொதுவாகப் பயனிலையாக, அதாவது வாக்கியத்தை முடிக்கும் சொல்லாக நிற்கிறது: ‘கொரே யபாய்’ (இது செம). வேறொரு பண்புச்சொல்லின் முன்னால் வைத்து ‘யபாய் ஒய்ஷீ’ என்று சொல்வோரும் உண்டு, ஆனால் அது இன்னும் கொச்சை. ‘யபாய் குராய்’ (யபாய் என்று சொல்லும் அளவுக்கு) என்று ஒரு துண்டைச் சேர்த்துக்கொண்டால் சறுக்காது.

ஒலியை இழுத்தும் நிறுத்தியும் அழுத்துவது

ஜப்பானியத்தில் சொல்லை மாற்றாமலே அழுத்தம் கூட்டலாம். முதல் வழி மெய்யை இரட்டிப்பது. மெச்சாவில் ‘மெ’ வந்ததும் ஒரு தாளத் தட்டு அளவுக்கு ஒலி நின்று, பிறகு ‘சா’ வெடிக்கிறது. அந்த நிறுத்தத்துக்கும் மற்ற எழுத்துகளைப் போல ஒரு முழு மாத்திரை உண்டு. தமிழருக்கு இரட்டிப்பு பழகிய விஷயம். நமக்குச் சிக்கல் மறுபக்கம்: சொல்லின் நடுவில் தனியாக வரும் வல்லினம் தமிழில் மென்மையாகிவிடும் என்பதால், அதை வலிமையாகச் சொல்ல நினைத்தாலே நாக்கு இரட்டித்துவிடுகிறது. தொத்தெமோ என்று இங்கே எழுதியிருப்பதுகூடத் தமிழ் எழுத்தின் நெருக்கடி; ஜப்பானியத்தில் நடுவே நிறுத்தம் கிடையாது. நிறுத்திச் சொன்னால் அது ‘ரொம்ம்ப’ என்பது போன்ற கூடுதல் அழுத்தமாகிவிடும். ஒலிப்பதிவைக் கேட்டு இந்த ஒரு வேறுபாட்டைத் தனியாகப் பழகுவது பலன் தரும். குறுஞ்செய்தியில் எழுதும்போது இளைஞர்கள் இந்த நிறுத்தத்தைக் காட்டும் எழுத்தை மூன்று நான்கு முறை அடுத்தடுத்துப் போடுவார்கள். அத்தனை தட்டு நின்று வெடிக்கிறது என்று பொருள்.

இரண்டாவது வழி, கடைசி உயிர்களை உருக்கி ‘ஏ’ ஆக்குவது. சுகோய் ‘சுகே’ ஆகும், யபாய் ‘யபே’ ஆகும், உமாய் ‘உமே’ ஆகும். இது முரட்டுத்தனமான, ஆண்பிள்ளைத்தனமான பேச்சு என்று நெடுங்காலமாகக் கருதப்படுகிறது. இன்று பெண்களும் தோழிகளிடம் சொல்கிறார்கள், ஆனாலும் அந்தக் கரடுமுரடு போய்விடவில்லை.

மூன்றாவது, கடைசி ‘இ’யை வெட்டிவிடுவது: “யபா!”, “உமா!”, “சமு!”. தொண்டையில் சட்டென்று நிறுத்துவார்கள். இது எதிரில் இருப்பவருக்குச் சொல்லும் தகவலாக இல்லாமல் தனக்குள் எழுந்த வியப்பு வாய்விட்டு வருவதாகவே கேட்கும். அதனால் மூத்தவர் பக்கத்தில் இருக்கும்போது குளிரில் “சமு!” என்று நடுங்கினால் யாரும் குற்றம் காண மாட்டார்கள். அவரைப் பார்த்து “சமுய்” என்று மரியாதை விகுதி இல்லாமல் முடித்தால்தான் இடிக்கும்.

எதிர்மறையில் ஏற்படும் தடுமாற்றம்

‘அவ்வளவு சுவையில்லை’ என்று சொல்ல மெச்சாவைப் பிடித்தால் வாக்கியம் கவிழ்ந்துவிடும். அதற்கான சொல் ‘அமரி’: ‘அமரி ஒய்ஷிக்குனாய்’. ‘மெச்சா ஒய்ஷிக்குனாய்’ என்று குரலை இறக்கி முடித்தால் ‘வாயில் வைக்க முடியவில்லை’ என்ற கடுமையான பொருள். அதே வாக்கியத்தை இறுதியில் குரலை ஏற்றிச் சொன்னால், “செம டேஸ்ட், இல்ல?” என்று ஆமோதிப்பைக் கேட்பது! எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு வாக்கிய முடிவில் உள்ள கேள்விக்குறி மட்டுமே. “யபக்குனாய்?” என்பதும் இதே அச்சில் வார்த்தது: “தாறுமாறா இருக்கு, இல்ல?” இளைஞர் உரையாடலில் இந்த ஏறுகுரல் எதிர்மறை மிக அதிகம். அதைப் பிடிக்காதவர் பாராட்டை எல்லாம் குறையாகவே கேட்டுக்கொண்டிருப்பார்.

‘ஸென்ஸென்’ இதற்கு நேர் எதிர்த்திசையில் வந்தது. எதிர்மறையோடு மட்டுமே வர வேண்டும் (‘கொஞ்சம்கூட இல்லை’) என்பது பள்ளி விதி. ஆனால் மெய்ஜி காலத்து (1868–1912) எழுத்தில் அது நேர்மறையோடும் தாராளமாக வந்திருக்கிறது. இப்போது “ஸென்ஸென் தைஜோபு” என்று இளைஞர்கள் சொல்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எதிராளி ஏதோ தப்பாகிவிட்டதோ என்று தயங்குகிறார். அந்தத் தயக்கத்தை மறுத்து, “அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு” என்று தேற்றுகிறார்கள். யாரும் கவலைப்படாத இடத்தில் இந்த ஸென்ஸென் பொருந்தாது.

யாரிடம் எதைச் சொல்வது

மரியாதை விகுதியான ‘தெசு’வைச் சேர்த்துவிட்டால் எந்தச் சொல்லும் மரியாதையாகிவிடும் என்று நினைப்பதுதான் கற்பவர்கள் செய்யும் மிகப் பரவலான தவறு. ‘மெச்சா ஒய்ஷீ தெசு’ என்பதைப் பகுதிநேர வேலையில் உடன் வேலை பார்க்கும் மூத்த மாணவரிடம் சொல்லலாம். அதில் நெருக்கமும் மரியாதையும் சேர்ந்தே இருக்கும். வேலைக்கான நேர்காணலில் அதைச் சொன்னால் விகுதி காப்பாற்றாது. அங்கே தொத்தெமோ அல்லது ஹிஜோ நி. விடைபெறும்போது நன்றியாகச் சொல்லும் ‘தைஹென் ஒசெவா நி நரிமஷிதா’ போன்ற உறைந்த தொடர்களில் தைஹெனை எடுத்துவிட்டு மெச்சாவை வைத்தால் சிறுபிள்ளைப் பேச்சாகிவிடும். யாரிடம் எதைச் சொல்வது என்று சந்தேகம் வந்தால் சுகோக்கு என்ற நடுச்சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம். அது நண்பரிடம் விறைப்பாகவும் கேட்காது, ஆசிரியரிடம் துடுக்காகவும் கேட்காது.

குசோ பற்றிய எச்சரிக்கை: அனிமேயில் அது சரளமாக வருவதால் அதன் நாற்றம் நம் மூக்குக்கு எட்டுவதில்லை. ஜப்பானியருக்கு எட்டும். நெருங்கிய நண்பர் வட்டத்துக்கு வெளியே, அதுவும் வெளிநாட்டவர் வாயிலிருந்து வந்தால், பாராட்டாகச் சொன்ன வாக்கியமும் முகம் சுளிக்க வைக்கும். சுவையைப் பாராட்ட மெச்சா போதும்.

ஊருக்கு ஊர் வேறு சொல்

நாடு முழுக்கப் பரவிய மெச்சாவுக்கு அடியில் வட்டாரச் சொற்கள் இன்னும் வலுவாக இருக்கின்றன. ஹொக்கைதோவில் ‘நமரா’, நகோயாவில் ‘தெரா’ (தெருவில் வரும் மெல்லிய ‘தெ’ அல்ல, ‘தேவன்’ என்பதன் முதல் ஒலி), ஹிரோஷிமா, யமகுச்சி பக்கம் ‘புச்சி’, சகாவில் ‘கபாய்’, மியசாகியில் ‘தெகெ’. மேற்கு ஜப்பானின் பல இடங்களில் ‘பரி’ (‘பஸ்’ஸின் முதல் ஒலி) வழங்குகிறது. இந்தப் பரியை வெளியூரார் சந்திக்கும் இடம் பெரும்பாலும் ஃபுகுஒகாவின் ஹகதா ராமென் கடை. அங்கே நூடுல்ஸ் எவ்வளவு வெந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். ‘கதா’ என்றால் சற்றுக் கெட்டி, ‘பரிகதா’ என்றால் நன்றாகவே கெட்டி, அதாவது வெந்நீரில் இன்னும் குறைவான நேரம். மெல்லிய நூடுல்ஸ் சூப்பில் சீக்கிரம் ஊறிக் குழைந்துவிடும் என்பதால் பலரும் பரிகதா கேட்கிறார்கள்.

டோக்கியோவில் ஜப்பானியம் படிக்கிறவர் நமராவையும் தெராவையும் கேட்டுப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும். அந்தந்த ஊரில் குடியிருந்து பழகியவர் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் முகம் மலரும்; ஊரோடு தொடர்பில்லாதவர் சொன்னால் மிமிக்ரி போலக் கேட்கும். பரிகதா மட்டும் விதிவிலக்கு. அது கடையின் மெனுச்சொல் ஆகிவிட்டதால், யார் கேட்டாலும் கிடைக்கும்.